இறந்துபோன மேயரின் நாஜிக் கட்சி அட்டையைத் தேடுவது எப்படி?

ஜெர்மனியின் காசல் நகருக்கு அருகே வசிக்கும் வாசகர் கேட்கிறார்: "எங்கள் ஊர்த் தெரு ஒன்றுக்கு முன்னாள் மேயரின் பெயர். அவர் இறந்து இருபது வருஷமாகிறது. இப்போது நாஜிக் கட்சிக்காரர் என்கிறார்கள். பெயரை மாற்றக் கோரும் மனுவில் கையெழுத்துப் போடுமுன் நானே சரிபார்க்க முடியுமா?"

முடியும். பெர்லினில் உள்ள மத்திய ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் மூன்றையும் கொடுங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். இறந்து 10 ஆண்டு கடந்தவரின் கோப்பை யாரும் கேட்கலாம்.

நாஜிக் கட்சியின் உறுப்பினர் அட்டைகள் தப்பியதே பெரிய கதை. 1945-இல் அவற்றைக் கூழாக்க மியூனிக் அருகே ஒரு காகித ஆலைக்கு நாஜிகளே அனுப்பினார்கள். ஆலையை நடத்தியவர் கூழாக்காமல் மறைத்து வைத்தார். அப்படி மிஞ்சியவை ஒரு கோடிக்கும் மேல். சில தொலைந்தும் போயின. அதனால் அட்டை கிடைக்கவில்லை என்றால் அவர் உறுப்பினரே இல்லை என்று ஆகிவிடாது.

அட்டை கிடைத்தால் முதலில் தேதியைப் பாருங்கள். 1933 மே மாதம் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, 1937-இல்தான் மறுபடி கதவைத் திறந்தார்கள். அப்போது பிந்தி விண்ணப்பித்தவர்களுக்கும் 1937 மே 1 என்றே தேதி போட்டார்கள். "எனக்குத் தெரியாமலே சேர்த்துவிட்டார்கள்" என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். நான் அதை நம்புவதில்லை. சொந்தக் கையெழுத்திட்ட விண்ணப்பம் வேண்டும் என்பது கட்சியின் விதி.

ஆனால் அவர் என்ன செய்தார் என்பது அட்டையில் இருக்காது. அதற்கு வீஸ்பாடனில் உள்ள ஹெஸ்ஸே மாநில ஆவணக் காப்பகத்தில் அவருடைய நாஜி நீக்க விசாரணைக் கோப்பை, அதாவது நாஜிக் காலத்தில் யார் என்ன செய்தார் என்று போருக்குப் பின் விசாரித்த கோப்பை, கேளுங்கள். 1946 மார்ச் சட்டப்படி, ஹெஸ்ஸே உட்பட ஜெர்மனியில் அமெரிக்கப் படையின் ஆளுகையில் இருந்த பகுதியில் 18 வயது கடந்த எல்லோரும் தங்கள் நாஜித் தொடர்பு பற்றிய படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அதில் அவரே எழுதியதை அட்டையோடு ஒப்பிடுங்கள். உறுப்பினராக இருந்ததை விட, அதை மறைத்தாரா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நண்பர்கள் தந்த நற்சான்றுகளும் கோப்பில் இருக்கும். அவற்றை அப்படியே நம்ப வேண்டாம்.

உங்கள் பக்கத்திலேயே முன்னுதாரணம் உண்டு. காசலில் 1963 முதல் 1975 வரை மேயராக இருந்த கார்ல் பிரானர் 1997-இல் இறந்தார். அவரோடு அவருக்கு முந்தைய இரு மேயர்களின் நாஜிக் காலத்தையும் ஆராயும் பொறுப்பை நகராட்சியே வரலாற்றாளர்களிடம் ஒப்படைத்தது. ஆய்வு 2015-இல் வெளியானது. உங்கள் நகரசபையிடமும் இதையே கேளுங்கள். மனுவில் கையெழுத்திடுவதை அந்த இரண்டு கோப்புகளும் கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.