முதல் முறையாக இத்தாலி போகிறவர்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கம்பெனி வேலையாகப் பிப்ரவரியில் ஒரு வாரம் மிலான் போவதாகவும், ஞாயிறு ஒரு நாள்தான் ஊர் பார்க்க நேரம் கிடைக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதம், அந்த ஊர் என்றால் லினியாபெல்லே தோல் கண்காட்சிக்குத்தான் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அதற்குத்தான் போனேன். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், சாம்பிள் ரூமில் பேட்டர்ன் வேலை, அதாவது ஷூவுக்கான வெட்டு வடிவத்தைக் காகிதத்தில் வரைவது. 19 வருடம் ஆகிறது.

இங்கே மற்றவர்கள் எழுதிய பதில்களைப் படித்தேன். எங்கே நின்று போட்டோ எடுக்கலாம், எந்தக் கடையில் ஐஸ்கிரீம் நன்றாக இருக்கும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். ரயில் டிக்கெட்டில் முத்திரை குத்த வேண்டும் என்பதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2018 செப்டம்பர். அந்த மாதமும் இதே கண்காட்சி நடக்கும். நானும் எங்கள் கம்பெனியில் கிளிக்கிங் எனும் தோல் வெட்டும் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த வாணியம்பாடி பாயும் போனோம். பாய் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தோலைத் தடவிப் பார்த்தே எங்கே கோளாறு நடந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கண்காட்சி செவ்வாய்க்கிழமைதான் தொடக்கம். ஞாயிறு சும்மா இருந்தது. விஜேவனோ போகலாம் என்று நான்தான் சொன்னேன். மிலானிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். ஷூ தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும், நம் ஆம்பூர் மாதிரி காலணியை வைத்தே பெயர் வாங்கிய ஊர். அங்கே பழைய கோட்டைக்குள் காலணிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

மிலானின் போர்த்தா ஜெனோவா ஸ்டேஷனில் இரண்டு டிக்கெட் எடுத்தோம், காசு கொடுத்து, ஒழுங்காக. வண்டி நின்றிருந்தது, ஏறி உட்கார்ந்துவிட்டோம். கொஞ்ச தூரம் போனதும் பரிசோதகர் வந்தார். டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலையில் விரலை வைத்துக் காட்டினார். அந்த இடம் வெறுமையாக இருந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "தம்பி, டிக்கெட் கைல இருக்குல்ல, அப்புறம் என்னவாம்?" என்று பாய் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

விஷயம் இதுதான். நம் ஏலகிரி எக்ஸ்பிரஸுக்கு அன்ரிசர்வ்டு டிக்கெட் எடுத்தால் தேதியும் நேரமும் அச்சாகியே வரும். அங்கே உள்ளூர் வண்டிகளுக்குக் கொடுக்கும் காகித டிக்கெட் அப்படி இல்லை. இன்ன வண்டி, இன்ன நேரம் என்று கட்டுப்படாத டிக்கெட் அது. நடைமேடைக்குப் போகும் வழியில், சுவரிலோ தூணிலோ ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கும். அதற்குள் டிக்கெட்டைச் செருகினால் தேதி, நேரம், ஸ்டேஷன் குத்தித் தரும். குத்தாத டிக்கெட்டை மறுபடியும் பயன்படுத்தலாம் என்பதால் அவர்கள் கணக்கில் அது டிக்கெட் இல்லாத பயணம்தான். அந்த நியாயம் எனக்கு இப்போது புரிகிறது. அன்று புரியவில்லை.

ஆளுக்கு 50 யூரோ அபராதம். இரண்டு பேருக்கும் சேர்த்து அன்றைய மதிப்பில் 8,000 ரூபாய்க்கு மேல். பணத்தைவிட, அந்த ரயில் பெட்டியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்ததுதான் வலித்தது. பாய் ஐந்து வேளை தொழுகிற மனிதர், அடுத்தவர் காசு ஒரு ரூபாய் அவர் கையில் தங்காது. அவர் தலை குனிந்து பர்ஸைத் திறந்ததை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா, தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். முத்திரை குத்தும் பெட்டி வேலை செய்யவில்லை என்றால் டிக்கெட் மேலேயே பேனாவால் தேதி, நேரம், ஸ்டேஷன் பெயரை எழுதிக்கொண்டு, பரிசோதகர் நம்மைத் தேடி வருவதற்குள் நாமே போய் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எனவே சட்டைப்பையில் ஒரு பேனா இருக்கட்டும்.

"டிக்கெட்டில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டியதுதானே" என்று யாராவது கீழே எழுதக்கூடும். இத்தாலிய மொழியில் பொடி எழுத்தில் இருந்தது. "இப்போது எல்லாம் போனில்தானே" என்றும் சொல்லலாம். போனில் எடுத்தாலும் பல உள்ளூர் வண்டி டிக்கெட்டுகளுக்கு ஏறுவதற்கு முன்னால் ‘செக்-இன்’ என்று ஒன்று செய்தாக வேண்டும். எடுத்தேன், கையில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. இருக்கை எண்ணோடு வரும் அதிவேக வண்டிகளுக்குத்தான் இந்தத் தொல்லை இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஊருக்கு வந்து அபராத ரசீதைக் கம்பெனியில் கொடுத்தேன். ஊர் சுற்றப் போன செலவை நாங்கள் ஏன் தர வேண்டும் என்று அக்கவுண்ட்ஸில் கேட்டார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஞாயிறு நான் வரைந்துகொண்டு வந்த நான்கு பேட்டர்னில் ஒன்று அடுத்த சீசனில் ஆர்டர் ஆனது. அதை யாரும் ஊர் சுற்றிய கணக்கில் எழுதவில்லை.

சரி, அருங்காட்சியகம். அபராதம் கட்டிய கையோடு திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. பாய்தான் "வந்தது வந்தாச்சு, பார்த்துட்டுப் போவோம்" என்றார். உள்ளே 15-ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்த ஒரு பெண் செருப்பு இருக்கிறது. மிலான் கோமகன் லுதோவிக்கோவின் மனைவி பியாத்ரிச்சேயுடையது என்கிறார்கள். ஒற்றைச் செருப்பு. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்குப் போட்டு, கோட்டைக்குள் வைத்திருக்கிறார்கள். பாய் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

எனக்கு அங்கே நின்றபோது வேலூரில் வாடகை வீடு தேடி அலைந்தது நினைவுக்கு வந்தது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் சத்துவாச்சாரியில் ஒரு வீடு பார்த்தோம். முன்பணம் பேசி முடித்த பிறகு என்ன வேலை என்று கேட்டார்கள். ஷூ கம்பெனி என்றேன். "தோல் வேலையா?" என்று கேட்டவர், சாயந்தரம் போன் செய்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டார். மூன்று வீட்டில் இதே கதை. நான் உட்காரும் மேஜையில் காகிதமும் பென்சிலும் கத்தியும்தான் இருக்கும். அப்படியே டேனரியில் ஈரத் தோலோடு நிற்பவனாக இருந்தாலும்தான் என்ன? அவன் பதப்படுத்திய தோலில்தானே அந்த வீட்டுக்காரர் பெல்ட் கட்டியிருந்தார். அங்கே ஒரு செருப்புக்குக் கோட்டை, இங்கே செருப்புத் தைக்கிறவனுக்கு வாடகை வீடு இல்லை. இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன், மாற்றி எழுத மனம் வரவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்காட்சி நடக்கும் ரோ ஃபியெரா, மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் கடைசி ஸ்டேஷன். அது நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் சாதாரண மிலான் டிக்கெட் செல்லாது, கூடுதல் மண்டலத்துக்கான டிக்கெட் வேண்டும். இங்கேயும் நிறைய பேர் அபராதம் கட்டுகிறார்கள். வங்கி அட்டையைக் கதவில் தொட்டுப் போனால் கட்டணத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். ஆனால் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அதே அட்டையைத் தொட வேண்டும், ஓர் அட்டையில் ஒருவர்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் சைவமோ, பாயைப் போல ஹலால் பார்ப்பவரோ, "மயாலே" என்ற சொல்லை நினைவில் வையுங்கள், பன்றி என்று அர்த்தம். "ஸ்த்ருத்தோ" என்றால் பன்றிக் கொழுப்பு. பியாதினா என்று சப்பாத்தி மாதிரி ஒன்று கிடைக்கும், அதன் மாவிலேயே அந்தக் கொழுப்பைச் சேர்ப்பது வழக்கம், கேட்டுவிட்டு வாங்குங்கள். பாய் முதல் நாள் அதைக் கையில் எடுத்த பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டு கீழே வைத்தார். மறுபக்கம், பீட்சாவில் "பெப்பரோனி" என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அங்கே அது குடைமிளகாய். காபி நினைப்பில் "லாத்தே" என்று மட்டும் கேட்டால் வெறும் பால்தான் வரும். காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் அதிக விலை. ஓட்டல் பில்லில் "கொப்பெர்த்தோ" என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ வந்தால் ஏமாற்று இல்லை, அது மேஜைக் கட்டணம். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர். தெருவில் பச்சை நிற இரும்புக் குழாய்கள் இருக்கும், பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம்.

துவோமோ எனும் பெரிய மாதாகோயில் முன்னால் கையில் கயிறு கட்ட வருவார்கள், புறாவுக்குப் போட என்று உள்ளங்கையில் தானியத்தை வைப்பார்கள். கையை மூடிக்கொண்டு நடந்துவிடுங்கள், இல்லையென்றால் பணம் கேட்டு விடமாட்டார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனில் பையை முன்பக்கம் மாட்டுங்கள். அவசரத்துக்கு 112. விசாவுக்கான காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், கம்பெனி எடுத்துத் தந்தாலும் தொகையை ஒருமுறை நீங்களே பார்த்துவிடுங்கள். போன் சார்ஜரின் மெலிந்த இரண்டு முனை அங்கே பொருந்தும், நம் மூன்று முனை பிளக் பொருந்தாது. பிப்ரவரிக் குளிருக்கு வேலூர் ஸ்வெட்டர் போதாது, காதை மூடுகிற குல்லாய் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு விஜேவனோ போவதாக இருந்தால் அருங்காட்சியகம் திறக்கும் நேரத்தை முதல் நாளே பார்த்துவிட்டு, டிக்கெட்டைக் குத்திவிட்டு ஏறுங்கள். உள்ளே போனதும் பியாத்ரிச்சே பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அந்தச் செருப்பு எங்கே இருக்கிறது என்று காட்டுவார்கள்.