கடன்பட்டுப் பொறியியல் வேண்டாம், அம்மா

அம்மா, உங்கள் கவலை விளங்குகிறது. உயர்தரக் கணிதப் பிரிவில் மகன் சித்தியடைந்தும், பொறியியல் பீடத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. தனியார் பட்டத்துக்குக் கொழும்புக்கு அனுப்பச் சொல்கிறார் லண்டன் மாமா. அதற்காகப் பாலையூற்றுக் காணியை ஈடு வைக்கப் போகிறீர்களாம். வேண்டாம். மாமா தருவதாகச் சொன்னது முதல் தவணைக் காசு மட்டும்தானே? மிச்சக் கடனைக் கட்டப்போவது நீங்கள்.

வார இறுதிகளில் நிலாவெளி ஹோட்டல்களுக்கு வைஃபை பூட்டப் போகிறவன் உங்கள் மகன். அதை 'வயர் இழுக்கிற வேலை' என்று மாமா சொன்னது தவறு. அவன் என்னிடம் கேட்டதைக் கேளுங்கள்: "ரவுட்டரின் அமைப்புக் கோப்பை (அதன் செட்டிங்ஸ் எல்லாம் உள்ள கோப்பை) டி.எஃப்.டி.பி.யில் (TFTP) சேமிக்கிறார்கள். அது கடவுச்சொல்லே கேட்கவில்லையே, ஏன்?"

நல்ல கேள்வி. டி.எஃப்.டி.பி. என்பது வலையமைப்பு வழியே கோப்புகளை அனுப்பும் எளிய முறை. வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) இல்லாத கருவிகளும் இயங்கத் தொடங்கும்போது தமக்கு வேண்டிய கோப்பை எடுக்க அது உதவும். 1992-இல் திருத்திய விதிதான் இன்றும் அதற்கு அடிப்படை. சின்ன நினைவகத்துக்குள் அடங்க வேண்டுமென்று பயனர் பெயர், கடவுச்சொல், மறையாக்கம் எதையும் வைக்கவில்லை. அந்தச் சேவைக்கான வாசலான 69ஆம் போர்ட் திறந்திருந்து, கோப்பின் பெயரையும் ஊகித்துவிட்டால் யாரும் எடுக்கலாம். அதற்குள் ரவுட்டரின் கடவுச்சொற்களே இருக்கலாம். அவற்றை மறைத்து எழுதியிருந்தாலும், சில பழைய மறைப்பு முறைகளை நொடியில் அவிழ்த்துவிடலாம். எழுதும் அனுமதியும் இருந்தால், கள்ளன் தன் கோப்பை அங்கே வைத்துவிடுவான். 2003-இல் பரவிய பிளாஸ்டர் என்ற கணினிப் புழுவும் (தானாகப் பரவும் தீய நிரல்) தன்னை அடுத்த கணினிக்குக் கடத்த இதையே பயன்படுத்தியது. விருந்தினர் வைஃபையிலிருந்து அந்தச் சேவையைப் பிரித்து வைப்பது, வேலை முடிந்ததும் நிறுத்துவது, முடிந்த இடத்தில் கடவுச்சொல்லும் மறையாக்கமும் உள்ள எஸ்.எஃப்.டி.பி. (SFTP) முறைக்கு மாற்றுவது: இவற்றைச் செய்யத் தெரிந்தவர் ஹோட்டலுக்கும் வேண்டும், வங்கிக்கும் வேண்டும், துறைமுகத்துக்கும் வேண்டும்.

இதற்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பி.ஐ.டி. (BIT, தகவல் தொழில்நுட்ப இளமாணி) பட்டத்தைப் பாருங்கள். வீட்டிலிருந்தே படிக்கலாம். முதல் ஆண்டை முடித்தால் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டோடு உயர் டிப்ளோமா, மூன்றாம் ஆண்டில் பட்டம். இடையில் நிறுத்த நேர்ந்தாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்பதால் காணியில் கை வைக்கத் தேவையில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பழைய ரவுட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்து வீட்டிலேயே பழகச் சொல்லுங்கள். ஹோட்டல் வலையமைப்பை எழுத்து அனுமதி இல்லாமல் சோதித்துப் பார்க்கவே கூடாது. 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டப்படி அது வழக்காகலாம்.

மாமாவின் நம்பரைத் தாருங்கள், நானே அவரோடு பேசுகிறேன்.