சுவிஸ் முகப்பும் பிப்ரவரி மாதக் கல்லாவும்

தங்கச்சி, நியூ கிளாரஸில் ஒரு காபிக் கடை விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கிரீன் கார்டில் விஸ்கான்சினுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கடை முகப்பு சுவிஸ் மலைவீடு மாதிரி இருந்தாக வேண்டும் என்பது ஊர் விதி. அடுத்தவர் பாரம்பரியத்துக்குள் நாம் போய் உட்கார்ந்தால் வேஷம் போட்டதுபோல் ஆகாதா, அதை நம்பிக் கைக்காசைப் போடலாமா என்பது உங்கள் கவலை. நான் பக்கத்து மன்றோவில் 19 வருஷமாக இருக்கிறேன். அதில் 11 வருஷம் இதேபோல் பழம்பெருமை பேசும் ஊர் ஒன்றில் பேக்கரி நடத்தினேன்.

ஊர் உங்களை ஏற்றுக்கொள்ளும். நான் பயப்படுவது கணக்கை நினைத்து.

அந்த முகப்பு எப்படி வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், கல்லாவில் நிற்கும்போது தினமும் கேட்பார்கள். சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலத்தில் பிழைக்க வழியில்லாமல் கிளம்பியவர்கள் 1845இல் உண்டாக்கிய ஊர் அது. இரண்டு பேரை முன்னால் அனுப்பி 1,280 ஏக்கர் வாங்கிவைத்தார்கள். பின்னால் வந்து சேர்ந்தவர்கள் 108 பேர். கோதுமை கைவிட்டதும் மாடு, பால், சீஸ் என்று மாறினார்கள். பிற்காலத்தில் பால் ஆலைதான் ஊருக்குச் சோறு போட்டது. 1962இல் அதை மூடிவிட்டார்கள். அதன் பிறகே கடைக்காரர்கள் மர பால்கனியும் ஜன்னலில் பூத்தொட்டியும் வைத்துச் சுற்றுலாவின் பக்கம் மும்முரமாகத் திரும்பினார்கள். அதாவது அந்த முகப்பே ஊர் பிழைப்பதற்காகப் போட்டதுதான். ஆனால் சுவிஸ் கதைநாயகன் வில்லியம் டெல்லின் நாடகத்தை ஊர்க்காரர்கள் 1938இலிருந்தே போட்டுவந்தார்கள். விவசாயியும் வாத்தியாரும் பிள்ளைகளும் வெட்டவெளியில், குதிரை ஆடுகளோடு. சுற்றுலாவின் பக்கம் திரும்புவதற்கு முன்பே அவர்களிடம் அது இருந்தது.

வாஷிங்டன் மாநிலத்து லெவன்வொர்த்தில் அதுகூடக் கிடையாது. ரயில் வேறு வழியே போய், மர ஆலையும் போன பிறகு, 1960களில் ஊரே சேர்ந்து ஜெர்மனியின் பவேரியப் பகுதிக் கிராமம்போல மாற்றிக்கொண்டார்கள். இன்று கூட்டம் அலைமோதுகிறது. அதனால் வேஷமா இல்லையா என்ற கேள்வியை நீங்கள் சுமக்க வேண்டாம்.

இப்போது கணக்கு. மாநிலத் தலைநகர் மேடிசனிலிருந்து முக்கால் மணி நேர ஓட்டம் என்பதால் வாரக்கடைசிக் கூட்டம் நிச்சயம். பழைய ரயில் பாதையில் போட்ட சுகர் ரிவர் சைக்கிள் தடமும் ஊரிலேயே தொடங்குகிறது, கோடையில் அந்தப் பசியும் உங்கள் கடைக்கு வரும். ஆனால் பிப்ரவரியில், பனி கொட்டும் செவ்வாய்க்கிழமை, கதவைத் திறப்பது யார்? ஊரில் இருக்கும் சுமார் 2,200 பேரில் சிலர், அவ்வளவுதான். எனக்கு விற்றவர் காட்டியது ஜூன் முதல் செப்டம்பர் வரையான வரவு. நானும் என் வீட்டுக்காரரும் அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்து சந்தோஷப்பட்டோம். முதல் குளிர்காலத்தில் நகையை அடகு வைக்காத குறை. மாதவாரியாக மூன்று வருஷக் கணக்கும் வருமான வரிப் படிவமும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்களைத் தூக்கி நிறுத்தியது ஊர்க்காரர்கள்தான். காலை ஐந்தரைக்குக் கடை திறந்தோம். மாடு கறந்துவிட்டு வருபவர்களும் பள்ளி பஸ் ஓட்டுபவர்களும் வந்தார்கள். ஊர்த் திருவிழாவில் யாரும் கூப்பிடுவதற்கு முன்பே போய் பெஞ்சு அடுக்கினோம், வண்டி நிறுத்த வழிகாட்டினோம், மறுநாள் குப்பையும் பொறுக்கினோம். மூன்றாவது வருஷம் ஒரு பாட்டி தன் வீட்டு நட்ஸ் ரொட்டிக்கான செய்முறையைக் கையால் எழுதி எடுத்துவந்து, "என் பிள்ளைகள் யாரும் செய்வதில்லை, நீ செய்" என்று கொடுத்தார். கிறிஸ்துமஸ் மாதத்தில் எங்கள் கடையில் அதிகம் விற்றது அந்த ரொட்டி. முகப்பைக் காசு கொடுத்து வாங்கலாம் தங்கச்சி. அந்தக் காகிதத்தை வாங்க முடியாது. நியூ கிளாரஸில் ஆகஸ்ட் மாதம் சுவிஸ் தேசிய நாளைக் கொண்டாடுவார்கள். கடை கைக்கு வருவதற்கு முன்பே அதற்கு உதவப் போங்கள்.

நம் பலகாரங்களை வைக்கலாமா என்று கேட்டீர்கள். வையுங்கள், ஆனால் முதல் வருஷமே வேண்டாம். பழைய கடையில் ஊர்க்காரர்கள் என்ன வாங்கினார்களோ அதை அதே ருசியில் கொடுங்கள். பிறகு ஒன்றிரண்டாகச் சேருங்கள். சுவிஸ் உடை போடச் சொல்லி யாரும் வற்புறுத்தப் போவதில்லை.

பெயர்ப்பலகை, சாயம், ஜன்னல் எதை மாற்றினாலும் முன்கூட்டியே கிராம அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். அதற்கான செலவையும் விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். மேடிசனில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த சிறுதொழில் மேம்பாட்டு மையம் இருக்கிறது. கணக்கைக் கொண்டுபோனால் இலவசமாக உட்கார்ந்து பார்த்துத் தருவார்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கடையில் காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்து, வருகிற தலைகளை எண்ணுங்கள். எந்த வாரம் என்று சொல்லுங்கள், நானும் வருகிறேன். எனக்கு அரை மணி நேர ஓட்டம்தான்.