லாம்டாவின் 250 எம்.பி. தொல்லை: கேள்வி பதில்

வன்னிப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள். எல்லாம் அமேசான் லாம்டா பற்றியவை; நம் கோடை (அதற்கு ஃபங்ஷன் என்று பெயர்) அமேசானின் சர்வரில் ஓட்டித்தரும் சேவை அது.

கிளிநொச்சி: அண்ணா, நெல் இலைப் படம் பார்த்து நோய் சொல்லும் புரொஜெக்ட். ஸிப் 120 எம்.பி., விரித்தால் 310. ஏற மறுக்கிறது.

பதில்: தம்பி, இங்கே எல்லை இரண்டு. நேரே ஏற்றும் ஸிப்புக்கு 50 எம்.பி. அதை எஸ்3 (அமேசானின் கோப்புக் களஞ்சியம்) வழியாகப் போட்டுத் தாண்டலாம். விரித்த அளவுக்கு 250, அது அசையாது. ஆகவே ஸிப்பின் அளவைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள்.

எந்தக் கோப்புறை பாரம் என்று முதலில் பாருங்கள். படம் கையாளும் ஓப்பன்சிவி லைப்ரரி போட்டிருந்தால் ஹெட்லெஸ் (திரையில் காட்டாத) பதிப்புக்கு மாறுங்கள், சர்வரில் ஜன்னல் திறக்க ஆளில்லை. போட்டோ3 (boto3, அமேசான் சேவைகளோடு பேசும் லைப்ரரி) லாம்டாவின் பைதான் ரன்டைமிலேயே இருக்கிறது, எடுத்துவிடலாம். ஒரேயொரு கணக்குக்காக சைபை (SciPy) என்ற பெரிய கணக்கு லைப்ரரி முழுவதையும் சுமக்கிறீர்களா? அதையும் கழற்றுங்கள்.

நோயை அடையாளம் காணும் மாடல் ஃபைலைப் பொதிக்குள் வைக்கவே வேண்டாம். எஸ்3 இல் வைத்து, ஃபங்ஷன் எழும்போது டெம்ப் கோப்புறைக்கு இறக்குங்கள். அங்கே 512 எம்.பி. இடம் உண்டு, காசு கொடுத்தால் 10 ஜி.பி. வரை கூட்டலாம். இறக்கும் கோடு ஹேண்ட்லருக்கு (ஒவ்வொரு அழைப்புக்கும் ஓடும் பகுதி) வெளியே இருக்கட்டும். இல்லாவிட்டால் கமக்காரர் ஒவ்வொரு படம் அனுப்பும்போதும் மாடல் திரும்பத் திரும்ப இறங்கும்.

வவுனியா: லைப்ரரிகளை லேயரில் (ஃபங்ஷனோடு இணைக்கும் தனிப் பொதி) பிரித்துப் போட்டால்?

பதில்: லேயரையும் சேர்த்துத்தான் 250, தங்கச்சி.

மல்லாவி: ஐந்து லேயர் போடலாமே, ஐந்து மடங்கு இடம் வராதா?

பதில்: வராது. மேலே வாசியுங்கள்.

முல்லைத்தீவு: விண்டோஸில் பிப் (பைதான் லைப்ரரி இறக்கும் கருவி) போட்டு ஏற்றினேன். நம்பை (NumPy) லைப்ரரி இம்போர்ட் ஆகவில்லை.

பதில்: எத்தனை தரம் சொல்வது! லாம்டா ஓடுவது லினக்ஸில். பிப்பிடம் லினக்ஸ் பிளாட்ஃபார்மைக் குறித்துக் கேளுங்கள். ஃபங்ஷன் ஆர்ம் வகைப் புரொசெசரில் ஓடினால், வீலும் (பிப் இறக்கும் லைப்ரரிப் பொதி) ஆர்முக்கானதாக இருக்கட்டும்.

புதுக்குடியிருப்பு: ஏன் இவ்வளவு பாடு? ஸிப்புக்குப் பதில் கன்டெய்னர் இமேஜில் (கோடும் லைப்ரரிகளும் ஒன்றாக அடைத்த பொதி) 10 ஜி.பி. வரை போகலாமே.

பதில்: உண்மை, 2020 டிசம்பரிலிருந்து. ஆனால் அதை ஏற்றுவது யாருடைய டேட்டாவில்? ஒட்டுசுட்டானில் போன் ஹொட்ஸ்பொட்டில் 1.4 ஜி.பி. இமேஜ் ஏற்றப் பார்த்தேன். மழை, மூன்று தரம் அறுந்தது, கார்டும் முடிந்தது.

புதுக்குடியிருப்பு: முதல் தரம் மட்டும்தானே அண்ணா? பிறகு மாறிய லேயர் மட்டும்தான் போகும்.

பதில்: சரி, அது நியாயம். (மல்லாவி, இது டாக்கர் லேயர், அதாவது இமேஜின் ஓர் அடுக்கு; உங்கள் லேயர் வேறு.) ஆனால் லைப்ரரி ஒன்றை மாற்றினால் அந்தப் பெரிய லேயர் மறுபடி ஏறும்.

புதுக்குடியிருப்பு: இமேஜை கிட்ஹப் ஆக்ஷன்ஸில் (கிட்ஹப்பின் சர்வரில்) பில்ட் பண்ணினால்?

பதில்: தோற்றேன் தம்பி. இங்கிருந்து கோடு மட்டும்தான் போகும், சில கிலோபைட். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஒன்று மட்டும்: ஸிப்பாக உருவாக்கிய ஃபங்ஷனை இமேஜாக மாற்ற முடியாது, புதிதாக உருவாக்க வேண்டும்.

மன்னார்: இஎஃப்எஸ் (ஃபங்ஷனோடு இணைக்கும் அமேசான் கோப்புச் சேமிப்பு) சரிவருமா?

பதில்: வேலை செய்யும். ஆனால் ஃபங்ஷன் விபிசி என்ற தனி வலையமைப்புக்குள் போகும்; அங்கிருந்து இணையத்துக்கு வர நாட் கேட்வே என்ற வாசல், அதற்கு மணித்தியாலக் கட்டணம். மாணவர் கைக்காசுக்கு வேண்டாம்.

நெடுங்கேணி: லேயர் போட்டால்…

பதில்: இல்லை.

கிளிநொச்சி: அண்ணா, சைபை போய், மாடலும் போய், இப்போது 168!

பதில்: அப்படியென்றால் கன்டெய்னர் தேவையில்லை. காலபோக விதைப்புக்கு முன் ஏற்றிவிடுங்கள்.