ரெண்டு ஊசியும் போட்டாச்சு, கல்யாண மண்டபத்தில் மாஸ்க் தேவையா?

கேள்வி (ஆகஸ்ட் 2021, கும்பகோணம் வாசகர்): ஆவணியில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய் உண்டு. வீட்டில் எல்லோரும் கொரோனா தடுப்பூசியான கோவிஷீல்டு இரண்டு தவணையும் போட்டுவிட்டோம். விசேஷங்களில் மாஸ்க் போட்டால், "ஊசிதான் போட்டாச்சே, இன்னும் என்ன பயம்?" என்கிறார்கள். அப்பாவும் கழற்றிவிடுகிறார். இனியும் அவசியமா?

பதில் (ஆகஸ்ட் 2021 நிலவரப்படி): அவசியம்தான், உங்கள் இருவருக்குமே. நோய் முற்றி ஐ.சி.யூ. வரை போவதையும் உயிரிழப்பையும் தடுப்பூசி பெருமளவு தடுக்கிறது. தொற்றையே அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. இப்போது பரவும் டெல்டா வகைக் கொரோனா, ஊசி போட்டவர்களுக்கும் வருகிறது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியானது இந்த மே மாதம்தான்.

பைக்கில் தனியாகப் போகிறவர் 200 ரூபாய் அபராதத்துக்குப் பயந்து மாஸ்க் போடுகிறார். மண்டபத்துக்குள் நுழைந்ததும் தாடைக்கு இறக்கிவிடுகிறார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது. திறந்த சாலையில் அவருக்கு ஆபத்து மிகக் குறைவு. கதவு சாத்திய ஏ.சி. ஹாலில், மேளச் சத்தத்தை மீறிக் காதருகே கத்திப் பேசும்போதுதான் கிருமி எளிதாகப் பரவும். காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் நோயைப் பரப்பக்கூடும். அது அவருக்கே தெரியாது.

அப்பாவை முகூர்த்த நேரத்துக்கு மட்டும் அழைத்துப் போங்கள். ஜன்னலோரமாக உட்காரவையுங்கள். பந்தி வேண்டாம், எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நெருக்கமாக உட்காருவது அங்கேதான். சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். சித்தப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனஸ்தாபம் வராது.

அப்பா மாஸ்க்கைக் கழற்றுவது பெரும்பாலும் கூச்சத்தால்தான் இருக்கும். அவரைத் தனியாக விடாமல் குடும்பமாகப் போட்டுக்கொள்ளுங்கள். வரவேற்பு மேஜையில் சந்தனம், கற்கண்டோடு ஒரு பெட்டி சர்ஜிக்கல் மாஸ்க்கும் வைக்கச் சொல்லுங்கள். பத்துப் பேர் போட்டிருக்கும் இடத்தில் பதினோராவது ஆள் தானாகவே எடுத்துப் போட்டுக்கொள்வார். மூக்கின் மேல் இருக்கும் கம்பியை அழுத்திவிட வேண்டும். பேசுவதற்காகக் கீழே இழுக்கக் கூடாது.

பிறகு காய்ச்சலோ இருமலோ வந்தால், ஊசி போட்டிருக்கிறோமே என்று காத்திருக்காமல் ஆர்டி-பிசிஆர் என்ற கொரோனா பரிசோதனையை எடுத்துவிடுங்கள். ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினால் உடனே மருத்துவமனை. மருந்துக் கடையில் தானாக ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடக் கூடாது. சர்க்கரை தாறுமாறாக ஏறும். இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை என்ற ஆபத்தான தொற்று வந்தவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகளே. அப்பாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே ஒருமுறை ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) பரிசோதனை செய்து, முடிவை அவருடைய மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.