பத்துப் புள்ளி

அன்புள்ள ஐயா,

என் பத்து வயது மகள் ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூலை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். மந்திரம், சூனியம் என்று பிள்ளையின் மனம் கெட்டுவிடும் என்கிறார் என் மாமியார். இலக்கிய நண்பர் ஒருவரோ, அது விளம்பரத்தில் விற்ற சரக்கு என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மாமியாருக்குத் துணை ஏராளம். அமெரிக்க நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி 2000 முதல் 2009 வரை மிக அதிகப் புகார் வந்தது இந்த வரிசையின் மீதுதான். 2001இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் எரித்தேவிட்டார்கள். நண்பருக்கும் ஹரால்ட் ப்ளூம் என்ற பெரிய விமர்சகர் துணை உண்டு. ஆனால் 1997இல் லண்டனில் முதல் நூல் வந்தபோது கெட்டி அட்டையில் அச்சிட்டது வெறும் 500 பிரதிகள். விளம்பரமெல்லாம் பிற்பாடுதான்.

மாமியாரிடம், ஹாரி சேரும் மந்திரப் பள்ளியின் அந்த இறகு வகுப்பைப் படித்துக் காட்டுங்கள். ஓர் இறகை மேசையிலிருந்து எழுப்ப வேண்டும். ஹாரியின் நண்பன் ரான் கையை வீசிக் கத்துகிறான், இறகு அசையவில்லை. இன்னொருவன் அதற்குத் தீயே வைத்துவிடுகிறான். உடன் படிக்கும் ஹெர்மயனி உச்சரிப்பைத் திருத்தி, தானே சொல்லிக் காட்டுகிறாள், இறகு எழும்புகிறது. செந்தமிழும் நாப்பழக்கம் என்றாளே ஔவை, அதேதான். இந்தப் பள்ளியில் மந்திரம் வீட்டுப்பாடமும் தேர்வும் உள்ள இன்னொரு பாடம், அவ்வளவே.

ஹாரிக்கு உண்மையில் வேண்டியதும் மந்திரம் இல்லை. மனத்தின் ஆழ்ந்த ஆசையைக் காட்டும் கண்ணாடியில் அவன் பார்ப்பது இறந்துபோன தாய் தந்தையரை. இரவுக்கிரவு அதன் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறான். நான் புத்தகத்தை மூடி வைத்தது அந்த இடத்தில்தான்.

நடையைப் பற்றி உங்கள் நண்பரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். சுமாரான வாக்கியங்கள் நிறைய. ஆனால் கட்டுமானத்தைப் பாருங்கள். மாணவர்கள் இல்லம் இல்லமாகப் பிரிந்து புள்ளிக்குப் போட்டியிடும் பள்ளி அது. ஆண்டிறுதி விருந்தில் ஸ்லிதரின் இல்லத்துக்கு 472 புள்ளி, ஹாரியின் இல்லமான கிரிஃபின்டாருக்கு 312. தலைமை ஆசிரியர் எழுந்து ரானுக்கு 50, ஹெர்மயனிக்கு 50, ஹாரிக்கு 60 தருகிறார். சமநிலை. கடைசிப் பத்துப் புள்ளி, விதியை மீறிப் புறப்பட்ட நண்பர்களை வழிமறித்து நின்ற அதே இல்லத்து நெவிலுக்கு. வகுப்பில் எதுவும் சரியாக வராத பையன் அவன். மறித்ததற்குப் பரிசாக மந்திரத்தால் விறைத்துத் தரையில் கிடந்தவன். எதிரியோடு மோத வேண்டிய அதே துணிச்சல் நண்பனை மறிக்கவும் வேண்டும் என்பதைக் கூட்டல் கணக்காகவே சொல்லிவிடுகிறார் நூலாசிரியர் ரௌலிங்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்தக் கூடத்தில் ஏற்கெனவே ஸ்லிதரினின் பச்சைத் தோரணம் கட்டியாகிவிட்டது. எல்லோர் முன்னிலையிலும் அதை மாற்றுகிறார்கள். எதிர் மேசையிலும் பதினோரு வயதுப் பிள்ளைகள்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? முந்தைய நாளே கூட்டிச் சொல்லியிருக்கலாம். இதைப் பற்றி உங்கள் மகள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டு எழுதுங்கள்.