கேளுங்க சொல்றேன்: ஃபுல் பேக்குக்கு யாரு விசில் அடிக்கிறது?

கேள்வி: பையன் மெல்போர்ன்ல படிக்கிறான். வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பி "எங்க டீம் ஃபுல் பேக்கைப் பாருப்பா"ங்கிறான். அந்த ஆளு பந்தைப் புடிக்கவே இல்ல, முஷ்டியை மடக்கி பந்தை ஒரு குத்து, அவ்ளோதான். அதுக்குப் போய் இந்தக் கத்தல். என்ன விளையாட்டுங்க இது? (ஒரு அப்பா, காரிமங்கலம்)

அண்ணே, அது ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால், அந்த ஊர்க்காரங்க ஃபுட்டின்னு கூப்பிடுவாங்க. தப்பித்தவறி ரக்பின்னு சொல்லிடாதீங்க, பையன் ஒரு வாரம் போன் எடுக்க மாட்டான். பாக்ஸிங் டே டெஸ்ட் நடக்குமே எம்சிஜி, அதே கிரவுண்ட்லதான் இதையும் ஆடுவாங்க, ஒரு பக்கத்துக்கு 18 பேர். கிரவுண்டோட ரெண்டு முனையிலயும் நாலு நாலு கம்பம் நட்டிருப்பாங்க. நடு ரெண்டு கம்பத்துக்குள்ள உதைச்சா 6 பாயிண்ட், ஓரத்துச் சந்துல போனா 1. கோல்கீப்பர்னு ஒரு ஆளே கிடையாது.

இப்ப அந்தக் குத்துக்கு வர்றேன். உதைச்ச பந்து 15 மீட்டராவது பறந்து வந்து, கீழ படாம ஒருத்தன் புடிச்சுட்டா அதுக்குப் பேரு மார்க். புடிச்சவன் நின்னு நிதானமா உதைக்கலாம், யாரும் அவனைத் தொடக்கூடாது. அதுவும் கம்பத்துக்கு நேரா, கிட்டக்க வச்சு ஒரு ஃபார்வர்டு புடிச்சுட்டான்னா பாதி கோல் போட்ட மாதிரிதான். அவனை ஒட்டியே நிக்கிறவன் ஃபுல் பேக். தன்னால புடிக்க முடிஞ்சா புடிக்கலாம், ஆனா அவன் கைல சிக்கவே கூடாது, அதனால சந்தேகம் வந்தா குத்தித் தள்ளிடுவான், அதுக்கு ஸ்பாயில்னு பேரு. உங்க பையன் டேஸ்ட்டு நல்ல டேஸ்ட்டுங்க.

கேள்வி: டிஃபண்டரே வேணும்னு எதிர் டீமுக்கு பாயிண்ட் கொடுப்பாங்களாமே, நிஜமா? (கல்லூரி மாணவர், ஓசூர்)

நிஜம்தான். 6 போகப் போகுதுன்னு தெரிஞ்சா பந்தைத் தானே தட்டி ஓரத்துக் கோட்டைத் தாண்ட விட்டுடுவாங்க, 1 பாயிண்ட்டோட முடிஞ்சுடும். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போற கதைதான். 2008 கிராண்ட் ஃபைனல்ல ஹாத்தார்ன் டீம் இதையே 11 தடவை பண்ணி ஜீலாங்கை ஜெயிச்சுட்டுப் போயிடுச்சு, ஊரே திட்டினதுல அடுத்த வருஷமே ரூல் கொண்டுவந்துட்டாங்க. இப்பல்லாம் மேல ஆள் வந்து விழாம சும்மா தட்டிவிட்டா ஃப்ரீ கிக்.

கேள்வி: அண்ணா, நான் கபடியில லெஃப்ட் கார்னர். ரைடர் ஒரு போனஸ் எடுத்தா மைக்குல பேர் சொல்றாங்க, நான் காலைப் புடிச்சு இழுத்துப் போட்டா "அவுட்"டுன்னு மட்டும்தான் சொல்றாங்க. அந்த ஃபுட்டியிலயாவது டிஃபண்டருக்கு மரியாதை உண்டா? (ஒரு தம்பி, ஊத்தங்கரை)

தம்பி, நானும் ஒரு காலத்துல கார்னர்தான், அதனால உன் எரிச்சல் எனக்கு நல்லாவே புரியுது. அங்கயும் இதே கதைதான்டா. அவங்க பெரிய தனி விருது பிரவுன்லோ மெடல், அதுக்கு ஓட்டு போடுறது அம்பயருங்க, அது பெரும்பாலும் நடுவுல ஓடி ஓடி பந்து பொறுக்குறவங்களுக்கே போகும். கடைசி கோட்டுல நிக்கிறவன் நாள் முழுக்க ஒரு ஆளைக் கோல் போட விடாம வச்சிருந்தாலும் ஸ்கோர் போர்டுல அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்காதே.

ஆனா ஜனங்க மறக்கிறதில்ல. 2005 கிராண்ட் ஃபைனல், சிட்னி ஸ்வான்ஸ் 4 பாயிண்ட் முன்னால இருக்கு, கடைசி சில செகண்டு, வெஸ்ட் கோஸ்ட் காரங்க பந்தைத் தூக்கி முன்னாடி உதைச்சுட்டாங்க. கீழ ரெண்டு டீம் ஆளுங்களும் கும்பலா நிக்கிறாங்க, லியோ பேரின்னு ஒரு டிஃபண்டர் சைடுல இருந்து ஓடிவந்து அத்தனை கைக்கும் மேல எகிறி பந்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு விழுந்தாரு பாரு, அதோட சைரன். 72 வருஷத்துக்கு அப்புறம் அந்த டீமுக்கு கப். அந்த மேட்ச்ல யார் யார் கோல் போட்டாங்கன்னு எனக்கு ஒரு பேரும் ஞாபகம் வரல, இந்தப் புடி மட்டும் கண்ணுலயே நிக்குது.

என்னைக் கேட்டா டிஃபண்டர்னா மேத்யூ ஸ்கார்லெட்தான். ஜீலாங் டீம், 284 மேட்ச், 2007, 2009, 2011னு மூணு கப். 2009 ஃபைனல்ல கடைசி க்வார்ட்டர், ஸ்கோர் சமம், மைதானத்து நடுவுல பந்து தரையில துள்ளிக்கிட்டு வருது, குனிஞ்சு எடுக்க நேரமில்ல. மனுஷன் ஓடுற ஓட்டத்துலயே கால் விரல் நுனியால சுண்டி கூட ஆடின கேரி ஆப்லெட் கிட்ட தள்ளிவிட்டாரு, அதுல கிளம்பின பந்துதான் கோல்ல போய் முடிஞ்சுது. அவங்கப்பாவும் அதே டீமுக்கு ஆடினவரு.

உடம்பைப் பார்த்துக்கிட்டா டிஃபண்டருக்கு ஆயுசும் கெட்டி. எசன்டன் டீம் டஸ்டின் ஃப்ளெட்சர் 1993ல ஸ்கூல் முடிக்காத பையனா உள்ள வந்து, 2015ல 40 வயசுல 400வது மேட்ச் ஆடிட்டுப் போனாரு. அவரும் நம்ம தஞ்சாவூர் கபடி வீரர் தர்மராஜ் சேரலாதன் அண்ணனும் ஒரே வருஷம் பொறந்தவங்க, 1975. சேரலாதன் அண்ணன் 2016ல புரோ கபடியில பாட்னா பைரேட்ஸ் கேப்டனா கப் தூக்கும்போது அவருக்கு 41. அவரும் கார்னர்தான்டா தம்பி.

கேள்வி: என் பொண்ணு கபடி ஆடுறா, டிஃபண்டராம். ரெண்டு மாசமா முட்டி வீங்கிக்கிட்டே வருது, ஆனா நிறுத்த மாட்டேங்கிறா. எப்பங்க நிறுத்தச் சொல்றது? (ஒரு அம்மா, பாலக்கோடு)

அக்கா, இதைக் கொஞ்சம் பொறுமையா சொல்றேன். ரிச்மண்ட் டீம் அலெக்ஸ் ரான்ஸ் 2014ல இருந்து 2018 வரைக்கும் அஞ்சு வருஷமும் அந்த நாட்டோட சிறந்த அணியில இடம் புடிச்ச டிஃபண்டர். 2019 சீசன்ல முதல் மேட்ச்லயே முட்டியில ஏசிஎல் ஜவ்வு கிழிஞ்சுது. அந்த வருஷம் அவர் இல்லாமயே டீம் கப் அடிச்சுது, டிசம்பர்ல அவர் போதும்னு சொல்லிட்டாரு, குடும்பத்தையும் சாமி காரியத்தையும் பார்க்கணும்னு. 200 மேட்ச், வயசு 30. காலிங்வுட் டீம் நேத்தன் மர்ஃபிக்கு தலையில அடிமேல அடி, 2023 ஃபைனல்லயும் பட்டுது, டீம் ஜெயிச்சுது, அடுத்த வருஷம் 24 வயசுல டாக்டருங்க ஆடக்கூடாதுன்னுட்டாங்க. அங்க தலையில அடிபட்டு மயக்கம் குழப்பம்னு வந்தா குறைஞ்சது 12 நாளு மேட்ச் கிடையாது, அது ரூல்.

நம்ம ஊர்ல யாரு ரூல் போடுறது. எனக்கு ஒரு திருவிழா மேட்ச்ல முட்டி திரும்பிடுச்சு, நடத்தினவங்க மஞ்சப்பத்து போட்டா சரியாயிடும்னு சொல்லி ரெண்டாவது பாதியிலயும் இறக்கி விட்டாங்க. ஜெயிச்சோம், ஆளுக்கொரு எவர்சில்வர் அண்டா குடுத்தாங்க. அண்டா இன்னும் பளபளன்னுதான் இருக்கு, வீட்டம்மா அதுலதான் தண்ணி காய வைக்கிறாங்க, எனக்குத்தான் பஸ் படி ஏறும்போது கம்பியைப் புடிக்கணும்.

அதனால வீக்கத்தோட ஒரு மேட்ச் கூட இறக்காதீங்க. எலும்பு டாக்டர்கிட்ட காட்டி, அவர் சொன்னா எம்ஆர்ஐ எடுத்துடுங்க, ஜவ்வு விஷயம் எக்ஸ்ரேல தெரியாது. அப்புறம் பாப்பாவைத் திட்டாதீங்க. "ஆடாதே"ன்னு சொன்னா ஒளிச்சு வச்சு ஆடுவா, "இந்த மாசம் மட்டும் வேணாம் கண்ணு"ன்னு சொல்லிப் பாருங்க.